உதவித் தற்கொலையும் மருத்துவரின் கடமையும்

தீராத நோயில் கிடக்கும் ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள இன்னொருவர் தெரிந்தே வழிசெய்து கொடுப்பது உதவித் தற்கொலை. வழிசெய்து கொடுப்பவர் மருத்துவரானால் அது மருத்துவர் உதவியுடன் நிகழும் தற்கொலை. இதில் மருந்து எழுதித் தருவதோடு மருத்துவரின் பங்கு முடிகிறது. கடைசிச் செயலைச் செய்பவர் நோயாளி. கருணைக்கொலையில் கடைசிச் செயலும் மருத்துவருடையது. இவ்விரண்டோடு சேர்த்துக் குழப்பப்படும் வேறு இரண்டு செயல்கள் உண்டு. பயன் தராது என்று தெளிவான சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது, அல்லது தொடங்கியதை நிறுத்துவது ஒன்று. ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்று தெரிந்தும் வலியைத் தணிக்கத் தேவையான அளவு மருந்து கொடுப்பது மற்றொன்று.

இந்த நான்கையும் தெளிவாகப் பிரித்தறிவதே மருத்துவப் பணியாளருக்கு முதல் கடமை. இந்தியச் சட்டத்தில் முதல் இரண்டும் குற்றம். பின்னிரண்டும் உரிய முறைப்படி நடந்தால் நல்ல மருத்துவம். பிரித்தறியாத மருத்துவமனைகளில் நோயாளிக்கு இரண்டு விதமாகத் தீங்கு நேர்கிறது. வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில், பிழைக்க வழியே இல்லாதவர் வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் வைக்கப்படுகிறார். அதே அச்சத்தில், புற்றுநோய் எலும்புவரை பரவியவருக்கு மார்ஃபின் மறுக்கப்படுகிறது.

சட்டத்தின் நிலை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவு, தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்குப் பத்து ஆண்டுகள்வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 306ஆம் பிரிவாக இருந்தது. தூண்டுவது, சதியில் சேர்வது, வேண்டுமென்றே உதவுவது ஆகிய மூன்றும் உடந்தைதான். மருந்துச்சீட்டு எழுதிய மருத்துவர், நோக்கம் தெரிந்தே மருந்தை எடுத்துக் கொடுத்த மருந்தாளுநர், அருகில் கொண்டு வைத்த செவிலியர் என எவரும் இதற்குள் வரலாம். இறந்தவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றாலோ மனநலம் குன்றியவர் என்றாலோ 107ஆம் பிரிவின்படி தண்டனை மரண தண்டனைவரை போகும்.

மருத்துவரே ஊசி போட்டு உயிரை முடித்தால் அது கொலை தொடர்பான பிரிவுகளுக்குள் வரும். பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தாமாகச் சம்மதித்திருந்தால், 101ஆம் பிரிவின் ஐந்தாம் விதிவிலக்கு அதைக் கொலை என்ற நிலையிலிருந்து கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற நிலைக்கு இறக்குகிறது. அப்போதும் ஆயுள் தண்டனைவரை விதிக்க இடமுண்டு. சம்மதம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. "அவரே கெஞ்சிக் கேட்டார்", "குடும்பத்தார் கையெழுத்துப் போட்டார்கள்" என்ற வாதங்கள் நீதிமன்றத்தில் மருத்துவரைக் காப்பாற்றுவதில்லை.

தற்கொலைக்கு முயன்றவரின் நிலை வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. சாக நினைத்தவரைச் சட்டம் நோயாளியாகப் பார்க்கிறது, அவருக்கு வழிசெய்து கொடுத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கிறது. அந்த நோயாளிக்கு மருத்துவர் செய்ய வேண்டியது என்ன என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

தண்டனைச் சட்டத்துக்கு மேலாக மருத்துவரின் தொழில் ஒழுக்க விதிகளும் இருக்கின்றன. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளில் 6.7ஆம் விதி, கருணைக்கொலையை நெறிதவறிய செயல் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மூளைச்சாவுக்குப் பிறகு இதயத்தையும் நுரையீரலையும் இயக்கும் கருவிகளை நிறுத்துவதா என்ற முடிவைத் தனியொரு மருத்துவர் எடுக்கக் கூடாது, மருத்துவர் குழுதான் எடுக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது.

நீதிமன்றங்கள் வந்த வழி

சாகும் உரிமை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றத்தின் பார்வை ஒரே சீராக இருக்கவில்லை. 1994இல் பி. ரத்தினம் வழக்கில், தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு செல்லாது என்று இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றது அத்தீர்ப்பு. ஆனால், இயற்கையான சாவு நெருங்கத் தொடங்கிவிட்ட ஒருவர் மாண்போடு இறப்பது வாழும் உரிமையின் பகுதியே என்றும் சேர்த்துச் சொன்னது. பின்னால் வந்த தீர்ப்புகளுக்கு அந்தக் கருத்துதான் அடித்தளம்.

அருணா ஷான்பாக் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் வார்டு பணியாளர் ஒருவரால் தாக்கப்பட்டு, மூளைக்கு ரத்தம் செல்வது தடைபட்டு, நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். அவருக்கு உணவு புகட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. முப்பத்தேழு ஆண்டுகளாக அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் வராமல் காத்து, ஊட்டி வந்தவர்கள் அந்த மருத்துவமனையின் செவிலியர்கள். அவருக்காகப் பேசும் உரிமை அவர்களுக்கே உண்டு என்று நீதிமன்றம் கருதியது. அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். அதே தீர்ப்பு, உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற பொதுவழியையும் திறந்தது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மாண்போடு இறப்பது அடிப்படை உரிமை, சிகிச்சையை மறுப்பதும் நிறுத்தச் சொல்வதும் அதில் அடங்கும், லிவிங் வில் எனப்படும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் செல்லும் என்பன அத்தீர்ப்பின் முடிவுகள். மருந்து கொடுத்துச் சாகவைக்கும் செயலுக்கு அது இடம் தரவில்லை. உதவித் தற்கொலை இந்தியாவில் முன்போலவே குற்றமாக நீடிக்கிறது.

சிகிச்சையை நிறுத்தும் முறை

2018இல் வகுத்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்தது. விருப்ப ஆவணத்தில் நீதித்துறை நடுவர் கையொப்பமிட வேண்டும். சிகிச்சையை நிறுத்தும் முன் நடுவரே மருத்துவமனைக்கு வந்து பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சை மருத்துவர்கள் மீண்டும் முறையிட்டதால் 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கியது.

இப்போதைய முறைப்படி, பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் விருப்ப ஆவணம் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற்றால் போதும். தம்மால் முடிவெடுக்க இயலாதபோது தமக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரை அதில் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம்.

மீளவே வாய்ப்பில்லை என்ற நிலை வரும்போது மருத்துவமனை முதல்நிலைக் குழுவை அமைக்கிறது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், அத்துறையில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாம்நிலைக் குழு அமையும். அதில் மாவட்டத்தின் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு வல்லுநர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவைச் செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். விருப்ப ஆவணம் எழுதாத நோயாளிக்கும், நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு, இதே இரண்டு குழு முறை பொருந்தும்.

ஏட்டில் வழி இருந்தும் பல மருத்துவமனைகளில் அது நடப்பதில்லை. குழு அமைத்திருக்க மாட்டார்கள், மாவட்ட அளவில் மருத்துவரை நியமித்திருக்க மாட்டார்கள். "சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம்" என்ற வரியின் கீழ் மகனோ மகளோ கையெழுத்திடுகிறார். ஆம்புலன்ஸில் கைப்பம்பை அழுத்தி மூச்சு கொடுத்தபடி நோயாளி வீடு போய்ச் சேர்கிறார். வாசலில் குழாய் அகற்றப்படுகிறது. வலி மருந்தோ மூச்சுத்திணறலுக்கு மருந்தோ கையில் இருப்பதில்லை. சட்டத்தின் பார்வையில் அது மருத்துவ ஆலோசனையை மீறிய டிஸ்சார்ஜ். உண்மையில் அது மருத்துவமனை எடுத்திருக்க வேண்டிய முடிவைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிடும் செயல். முறைப்படி குழு கூடி, காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி, மருந்தால் மூச்சுத்திணறலைத் தணித்து, உறவினர் அருகிலிருக்கச் சிகிச்சையை நிறுத்தினால் மருத்துவருக்குச் சட்டப் பாதுகாப்பும் நோயாளிக்கு அமைதியும் கிடைக்கும். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்த நடைமுறையைச் செயல்படுத்த ஆணையிட்டது. மற்ற மாநிலங்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வெளிநாடுகளின் அனுபவம்

உதவித் தற்கொலையை அனுமதித்த நாடுகளிலும் சட்டங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. 1942இல் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் தண்டனைச் சட்டம், 115ஆம் பிரிவில், தன்னல நோக்கோடு உதவுவதை மட்டும் தண்டிக்கிறது. தன்னலம் இல்லாத உதவி குற்றமாகாது என்பதால் அங்கே எக்ஸிட், டிக்னிடாஸ் போன்ற அமைப்புகள் இயங்குகின்றன.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1994இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளி பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரும் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். வாய்மொழியாக இருமுறையும் எழுத்தில் ஒருமுறையும் அவர் கேட்டிருக்க வேண்டும். மனநோய் தீர்மானத்தைப் பாதிக்கிறது என்ற ஐயம் எழுந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருந்தை அவரே உட்கொள்ள வேண்டும். அம்மாநிலத்தின் ஆண்டறிக்கைகளில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மருந்துச்சீட்டு பெற்றவர்களில் கணிசமானோர் மருந்தை உட்கொள்ளாமலே இயற்கையாக இறக்கிறார்கள். கேட்பதற்குச் சொல்லும் காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. பிறர் கையை எதிர்பார்த்து வாழ நேர்வதும், வாழ்வில் பிடித்தமானவற்றைச் செய்ய முடியாமல் போவதும், மாண்பை இழப்பதும் முன்னால் நிற்கின்றன.

நெதர்லாந்தில் 2002 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், குற்றப் பிரிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, வகுத்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்த மருத்துவருக்கு மட்டும் விலக்குத் தருகிறது. கோரிக்கை சுயவிருப்பமானது, நன்கு சிந்தித்தது. வேதனை தாங்க முடியாதது, மீள வழியற்றது. வேறு தீர்வு இல்லை. சுதந்திரமான இன்னொரு மருத்துவர் நோயாளியைப் பார்த்திருக்கிறார் என்பன அந்த நிபந்தனைகள். ஒவ்வொரு நிகழ்வையும் சட்ட வல்லுநர், மருத்துவர், அறவியலாளர் கொண்ட குழு பின்னர் ஆராய்கிறது. கனடாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவரோடு நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் இந்த அதிகாரத்தைத் தந்தது. 2021இல் சாவு நெருங்காதவர்களுக்கும் அது விரிந்தபோது மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. வாழ வசதி செய்து தராத சமூகம் சாக வசதி செய்து தருகிறது என்பது அவர்கள் வாதம். இத்தகைய நாடுகளில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவர்கள். உலக மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட பிரகடனம் கருணைக்கொலையையும் மருத்துவர் உதவியுடனான தற்கொலையையும் எதிர்ப்பதோடு, மனசாட்சிக்கு மாறாக எந்த மருத்துவரையும் அதில் ஈடுபடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

அறத்தின் கேள்விகள்

உதவித் தற்கொலைக்கு ஆதரவான வாதம் வலிமையானது, அதை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. தம் உடலைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அறுவைச் சிகிச்சையை மறுக்க முடிந்தவர் வேதனையை மட்டும் ஏன் கடைசிவரை சுமக்க வேண்டும். வென்டிலேட்டரை நிறுத்துவதும் மருந்து கொடுப்பதும் ஒரே முடிவுக்குத்தானே கொண்டுபோகின்றன என்று அவ்வாதம் கேட்கிறது.

முடிவு ஒன்றாக இருந்தாலும் செயலின் காரணமும் நோக்கமும் வேறு. சிகிச்சை நிறுத்தப்பட்டவர் நோயால் இறக்கிறார். மருத்துவர் தடுக்க முடியாததைத் தடுப்பதை மட்டும் விடுகிறார். மருந்து கொடுத்தால் இறப்புக்குக் காரணம் அந்த மருந்து. வலி மருந்திலும் நோக்கமே எல்லையைத் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 1992இல், மூட்டுவாத நோயில் தாங்க முடியாத வலியோடு இருந்த மூதாட்டிக்கு ஊசி போட்ட மருத்துவர் நைஜல் காக்ஸ், கொலை முயற்சிக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவர் செலுத்திய மருந்துக்கு வலியைத் தணிக்கும் குணமே இல்லை; செலுத்திய அளவில் அது இதயத்தை நிறுத்திவிடும். மார்ஃபினைத் தேவைக்கேற்பக் கூட்டிக் கொடுத்து நோயாளி இறந்திருந்தால் அவர் மீது வழக்கு வந்திருக்காது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அவர் தொழிலைத் தொடரவும் முடிந்தது. அவர் இரக்கத்தை எவரும் ஐயுறவில்லை. ஆனால் எந்த மருந்து, எந்த அளவு, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆவணத்தில் பதில் இருக்க வேண்டும் என்ற பாடம் அந்த வழக்கில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி சுயவிருப்பம் பற்றியது. தமிழகத்தின் தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், படுத்த படுக்கையான முதியவரைக் குடும்பத்தாரே இறக்கச் செய்யும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் இருந்துவந்ததை 2010இல் வெளியான செய்திகள் நாடறியச் செய்தன. செய்தவர்கள் அதைக் கொடுமை என்று எண்ணவில்லை. கடைசி உதவி என்றே எண்ணினார்கள். அந்த முதியவரிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. மருத்துவச் செலவுக்கு நகையை அடகு வைக்கும் குடும்பங்களில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடுகளில், "என்னை முடித்துவிடுங்கள்" என்று ஒரு முதியவர் சொன்னால் அதில் எவ்வளவு அவருடைய விருப்பம், எவ்வளவு சுற்றத்தாரின் சலிப்பு என்று பிரிப்பது கடினம். உதவித் தற்கொலையை இந்தியச் சட்டம் ஏற்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி நம்பிக்கை. வார்டில் ஊசியோடு வரும் செவிலியரைப் பார்த்து நோயாளி அஞ்சாமல் கை நீட்டுகிறார் என்றால், அந்த ஊசி தமக்கு நன்மை செய்யவே வருகிறது என்று அவர் நம்புவதுதான் காரணம். அந்த நம்பிக்கை குலைந்தால் ஏழை நோயாளிதான் முதலில் பாதிக்கப்படுவார்.

நோயாளி கேட்கும்போது

"ஏதாவது ஊசி போட்டு முடிச்சு விடுங்க" என்ற சொல்லைப் பெரும்பாலும் முதலில் கேட்பவர் மருத்துவர் அல்லர், இரவுப் பணிச் செவிலியர். அதை அதட்டி அடக்குவதும், கேளாதவர்போல் நகர்வதும் தவறு. செய்ய முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, எது தாங்க முடியவில்லை என்று கேட்பதே சரி. வலியா, மூச்சுத்திணறலா, தூக்கமின்மையா, பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற வேதனையா, கடனா, பேச ஆளில்லாத தனிமையா என்று கேட்டறிய வேண்டும். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சிகிச்சைக்கு இணங்கும் நோய். திட்டமிட்டு உயிரை முடித்துக்கொள்ளும் அபாயம் தெரிந்தால் நோயாளியைத் தனியே விடக் கூடாது, மருந்துகளை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், மனநல மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

கேட்டது, சொன்னது, செய்தது எல்லாம் அன்றே கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும். குடும்பம் நெருக்கினாலும், மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும், உயிரை முடிக்கும் நோக்கில் தரப்படும் உத்தரவைச் செவிலியர் நிறைவேற்றக் கூடாது. "மேலே சொன்னார்கள்" என்பது சட்டத்தில் பதிலாகாது.

சிகிச்சை வேண்டாம் என்ற கோரிக்கை வேறு வகை. தெளிவாகப் புரிந்துகொண்டு டயாலிசிஸையோ கீமோதெரபியையோ ஒருவர் மறுத்தால் அது தற்கொலை ஆகாது. அதை மதிக்கும் மருத்துவர் உடந்தையும் ஆகார். பின்விளைவுகளை விளக்கி, புரிந்துகொண்டாரா என்று உறுதிசெய்து, மனம் மாறினால் எந்நேரமும் திரும்பி வரலாம் என்று சொல்லி, வலித்தணிப்பைத் தொடர்வதே மருத்துவரின் வேலை.

வலி தணிப்பு என்ற மாற்று

சாக வேண்டும் என்ற கோரிக்கைக்குச் சட்டம் "முடியாது" என்று சொல்லும் நாட்டில், வலியைத் தணிக்க மருத்துவம் "முடியும்" என்று சொல்லியாக வேண்டும். வாய்வழி மார்ஃபின் மாத்திரை விலை குறைந்தது. பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல், சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் தர வேண்டும். இப்படி முறையாகக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைத்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் பல உரிமங்கள் தேவைப்பட்டு மார்ஃபின் மருத்துவமனைகளிலிருந்தே மறைந்துபோயிருந்தது. 2014இல் வந்த திருத்தம் நடைமுறையை எளிதாக்கியது. கேரளம் 2008இலேயே வலித்தணிப்பு ஆதரவு சிகிச்சைக்கென அரசுக் கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகள் வழியாக வீடு தேடிச் செவிலியர்களை அனுப்பியது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மார்ஃபின் இருப்பு, அதைக் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும், 2023 தீர்ப்பின்படி அமைத்த மருத்துவக் குழு, விருப்ப ஆவணத்தைப் பாதுகாக்க ஓர் அலுவலர் ஆகிய நான்கும் இருந்தால், சாவைக் கேட்டு நிற்பவர்களில் பலரின் வேதனைக்குச் சட்டத்துக்குள்ளேயே விடை கிடைக்கும். எஞ்சும் சிலரின் வேதனை உண்மையானது. அவர்களுக்காகச் சட்டம் மாற வேண்டுமா என்பது நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டிய பொருள். அதுவரை தனியொரு மருத்துவர் வார்டின் மறைவில் அந்த முடிவை எடுக்க சட்டமும் இடம் தரவில்லை, அறமும் இடம் தரவில்லை. மருத்துவர் தாமே தீர்மானிக்கக்கூடியது ஒன்று உண்டு. கேட்டவரை விட்டு விலகாமல், பயனற்ற சிகிச்சையால் அவரை வருத்தாமல், வலியை அடக்கும் மருந்தை அச்சமின்றிக் கொடுத்து, கடைசிவரை அவரைப் பார்த்துக்கொள்வது. அதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.